கரண்ட் கம்பியை அழிக்காதீங்க, கூட்டுக்கிட்ட போகாதீங்க

வருஷா வருஷம் அக்டோபர் 2-லேர்ந்து 8 வரைக்கும் வன உயிரின வாரம். அதையொட்டி போட்டோ போட்டி அறிவிப்புகள் வாட்ஸப்புல வந்து விழ ஆரம்பிச்சிடும். காலேஜ் நடத்துற போட்டி, கிளப் நடத்துற போட்டி, கேமரா கடை நடத்துற போட்டின்னு வகை வகையா. "அமெச்சூர்களுக்கு மட்டும், ஆளுக்கு மூணு படம், நடுவர் தீர்ப்பே இறுதியானது." கடைசி வரி மட்டும் எல்லா அறிவிப்புலயும் ஒரே மாதிரி இருக்கும் :-)

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் திண்டிவனத்துக்காரர். லோன் போட்டு ஒரு கேமரா வாங்கி வெச்சிருக்கார். அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "சார், நம்ம ஊர்ல புலி இல்ல, யானை இல்ல. கபினி, பந்திப்பூர் போய்வர காசும் இல்ல. நாம எதை எடுத்து அனுப்புறது?"

நியாயமான கேள்வி. விழுப்புரம், திண்டிவனம்னா ஜனங்களுக்கு ஞாபகம் வர்றது ரயில் ஜங்ஷனும், ஜி.எஸ்.டி. ரோடும், பஸ் நின்னா ஜன்னல்கிட்ட வந்து நிக்கிற வியாபாரிங்களும்தான். காடுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. சுத்தி ஏரி, வயக்காடு, கரும்பு, சவுக்கு, செஞ்சிப் பக்கம் போனா பாறைக் குன்றுங்க, மரக்காணம் பக்கம் போனா உப்பளம். அவ்ளோதான்.

என் பதில் இதுதான்: அந்த "அவ்ளோதான்"ல இருக்கறதையே எடுங்க. எடுக்கும்போது ரெண்டு விஷயத்தை மட்டும் மறக்காதீங்க. ஒண்ணு, படத்துல இருக்கிற மனுஷ அடையாளத்தை அழிக்காதீங்க. ரெண்டு, பரிசுக்காக அந்த உயிரோட நிம்மதியைக் கெடுக்காதீங்க. போட்டி நடத்துறவங்களும் "என்ன எடுத்தே"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி "எப்படி எடுத்தே"ன்னு கேக்கணும். இனிமே நான் சொல்லப் போறது எல்லாம் இதுக்கான விளக்கம்தான். நேரம் இல்லாதவங்க இங்கயே இறங்கிக்கலாம்.

நம்ம ஊர்ல என்ன இருக்கு?

முதல்ல கழுவெளி. திண்டிவனத்துலேர்ந்து மரக்காணம் ரோட்டைப் பிடிச்சுப் போனா ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடும். தென்னிந்தியாவுல பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரின்னு இதைச் சொல்வாங்க. ஒரு பக்கம் மழைத் தண்ணி வந்து சேரும், இன்னொரு பக்கம் உப்புக்கால்வாய் வழியா கடலோட தொடர்பு. வடகிழக்குப் பருவமழையில நிரம்பி, கோடையில வத்திப் போயிடும். நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்குற இடம்கிறதால வர்ற பறவைகளும் பல தினுசு. மத்திய ஆசியாவுலேர்ந்து இந்தியாவுக்கு வர்ற வலசைப் பாதையில இருக்கிற ஏரி இது.

2021 டிசம்பர்ல தமிழக அரசு வானூர், மரக்காணம் வட்டங்கள்ல 5,151 ஹெக்டேருக்கு மேல பறவைகள் சரணாலயமா அறிவிச்சுது. 2024 ஆகஸ்ட்ல ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்தாச்சு. அதாவது உலக அளவுல முக்கியமான நீர்நிலைன்னு முத்திரை குத்தியாச்சு. நம்ம மாவட்டத்துக்காரங்க எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் விசாரிச்ச வரைக்கும் பாதிப் பேர் "எது, அந்த மரக்காணம் போற வழியில தண்ணி நிக்குமே அதுவா?"ன்னுதான் கேட்டாங்க.

அடுத்தது ஊசுட்டேரி. பாதி பாண்டிச்சேரி, பாதி விழுப்புரம் மாவட்டம். வடக்க ஜி.எஸ்.டி. ரோட்டுல மதுராந்தகம் தாண்டி படாளத்துல திரும்பினா வேடந்தாங்கல். இது செங்கல்பட்டு மாவட்டக் கணக்குல வந்தாலும் திண்டிவனத்துக்காரங்க உரிமை கொண்டாடலாம், தப்பில்லை.

இதெல்லாம் விடுங்க. ஏதாவது ஒரு கிராமத்து ஏரிக்கரையில டிசம்பர் மாசம் காலையில ஒரு மணி நேரம் நில்லுங்க. நாமக்கோழி, தாழைக்கோழி, நீர்க்காகம், சங்குவளை நாரை, மீன்கொத்தி, பனங்காடை, பஞ்சுருட்டான் எல்லாம் வரும். உழவு ஓட்டற டிராக்டர் பின்னாடி வெள்ளைக் கொக்குங்க வரிசையா நடந்து போகும். சாயங்காலம் சோளப்பட்சிக் கூட்டம் கரண்ட் கம்பியில வந்து உக்காரும். அதுங்க மத்திய ஆசியா, கிழக்கு ஐரோப்பா பக்கமிருந்து வந்த விருந்தாளிங்கன்னு கீழ டீ குடிச்சிட்டு இருக்கறவங்களுக்குத் தெரியாது.

இதையெல்லாம் எடுக்கலாம். ஆனா எடுத்ததை அனுப்பும்போதுதான் நம்ம ஆளுங்க ஒரு வேலை பண்றாங்க.

கம்பியை அழிக்கிற வேலை

கம்பியில உக்காந்திருக்கிற பனங்காடையை எடுத்துட்டு, வீட்டுக்கு வந்து கம்பியை அழிச்சிடறாங்க. முன்னெல்லாம் இதுக்கு ஃபோட்டோஷாப் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் வேணும். இப்போ மொபைல்லயே ஒரு தட்டு தட்டினா போச்சு. கம்பி போன இடத்துல ஒரு கிளை முளைக்குது. பின்னாடி இருந்த செங்கல் சூளை மறைஞ்சு பச்சைப் பசேல்னு ஒரு மங்கல் வந்துடுது. பனங்காடை விழுப்புரத்துப் பறவையா, ஆப்பிரிக்கப் பறவையான்னே தெரியாது.

ஏன் பண்றீங்கன்னு கேட்டா, "கம்பி இருந்தா வைல்ட்லைஃப் கேட்டகரியில எடுத்துக்க மாட்டாங்க சார்"ங்கறாங்க. இது ரொம்ப நாளா நம்ம ஊர்ல சுத்திட்டு இருக்கிற பாதி உண்மை.

முழு உண்மை என்னன்னா, சர்வதேசப் புகைப்பட அமைப்புகளான ஃபியாப், அமெரிக்காவோட பி.எஸ்.ஏ., இங்கிலாந்தோட ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி மூணும் சேர்ந்து இயற்கைப் புகைப்படத்துக்கு ஒரு பொது வரையறை வெச்சிருக்காங்க. அதுல மனுஷ அடையாளம் பொதுவா கூடாதுன்னு இருக்கறது வாஸ்தவம். ஆனா அதோட விதிவிலக்கும் இருக்கு. மனுஷன் மாத்தி வெச்ச சூழலுக்குப் பழகிப்போன உயிரினம்னா, அந்த மனுஷ அடையாளம் கதையோட பிரிக்க முடியாத பகுதின்னா, இருக்கலாம். அதே வரையறைதான் இன்னொண்ணையும் சொல்லுது: படத்துல எதையும் சேர்க்கவோ, இடம் மாத்தவோ, அழிக்கவோ கூடாது, க்ராப் பண்றது வேற விஷயம்னு. அதாவது கம்பி இருக்கறதுக்கு வழி உண்டு. கம்பியை அழிக்கறதுக்குத்தான் வழி இல்லை. நம்ம ஆளுங்க தலைகீழா புரிஞ்சுக்கிட்டு, அனுமதி உள்ளதை விட்டுட்டு அனுமதி இல்லாததைச் செய்யறாங்க.

ஜெயிச்ச படங்களைப் பாருங்களேன். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துற வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் போட்டிக்கு இந்தத் துறையில பெரிய மரியாதை. 1965-லேர்ந்து நடக்கிற போட்டி. 2016-ல அதோட நகர்ப்புறப் பிரிவுல ஜெயிச்சது நயன் கானோல்கர் எடுத்த படம். மும்பையில வீடுகளுக்கு நடுவுல ஒரு சந்துல சிறுத்தை நடந்து வருது. பின்னாடி சுவர் இருக்கு, லைட் வெளிச்சம் இருக்கு. அதையெல்லாம் அழிச்சிருந்தா அது இன்னொரு சிறுத்தைப் படம், அவ்வளவுதான். 2020-ல அதே போட்டியில மக்கள் ஓட்டுல ஜெயிச்சது சாம் ரௌலி எடுத்த படம். லண்டன் சுரங்க ரயில் ஸ்டேஷன்ல ரெண்டு எலி ஒரு துணுக்கு சாப்பாட்டுக்கு மல்லுக்கட்டுது. எலி சார், எலி! விழுப்புரம் ஜங்ஷன்ல இல்லாத எலியா?

நம்ம நாட்டுப் போட்டிக்கு வந்தா, 2017-ல சாங்சுவரி விருதுல முதல் பரிசு வாங்கினது பிப்லப் ஹஸ்ரா எடுத்த படம். மேற்கு வங்காளத்துல பாங்குரா மாவட்டத்துல, கூட்டம் எறிஞ்ச தீப்பந்தத்துக்கு நடுவுல ஒரு யானையும் குட்டியும் ரோட்டைத் தாண்டி ஓடுது. பார்த்தா வயித்தைப் பிசையும். மனுஷ அடையாளத்தை எடுத்துட்டா அந்தப் படத்துல சொல்றதுக்கே ஒண்ணும் இல்லை.

இதுல காசு விஷயமும் ஒண்ணு இருக்கு. பறவையை மட்டும் ஃபிரேம் நிறைய எடுக்கணும்னா 500, 600 எம்.எம். லென்ஸ் வேணும். பெரிய அப்பர்ச்சர் உள்ளதுன்னா விலை லட்சங்கள்ல போகும். பறவையையும் அது வாழற இடத்தையும் சேர்த்து எடுக்கணும்னா கேமராவோட வந்த கிட் லென்ஸே போதும். நல்ல வெளிச்சத்துல மொபைல் போதும். உப்பளத்துல குவிச்சு வெச்ச உப்பு, அதுக்கு முன்னாடி சிவப்புக் காலோட நிக்கிற நெடுங்கால் உள்ளான். நாத்து நடற பெண்கள், அவங்களுக்குப் பின்னாடி பத்தடி தள்ளி குளத்துக் கொக்கு. இந்தப் படங்களுக்குத் தேவை லென்ஸ் இல்லை, விடியக்காலையில எழுந்து போறதும் காத்திருக்கிறதும்தான். உள்ளூர்க்காரனுக்கு இருக்கிற ஒரே வசதி அது. பெங்களூருலேர்ந்து கார்ல வர்றவர் ரெண்டு நாள் இருப்பார். நாம வருஷம் முழுக்க இங்கதான் இருக்கோம்.

கூடு

இப்போ ரெண்டாவது விஷயம். இதுலதான் எனக்குக் கோவம்.

போன வருஷம் மே மாசம், ஒரு ஏரி. தண்ணி இறங்கி மண்ணு வெடிச்சுக் கிடக்குது. காலையில பத்து மணி தாண்டியாச்சு. பெரிய லென்ஸோட ரெண்டு இளைஞர்கள் ஒரே இடத்துல குந்திக்கிட்டு இருந்தாங்க. அவங்க தலைக்கு மேல ஒரு ஜோடி ஆட்காட்டிக் குருவி சுத்திச் சுத்தி வந்து கத்துது. ஒண்ணு இறங்கி ரெக்கையை விரிச்சுக்கிட்டு தரையில ஓடுது. "செம போஸ்"னு ஒருத்தர் கிளிக் பண்றார். பக்கத்துல ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த பாட்டி வந்து போட்டாங்களே ஒரு போடு.

"எம்மா நேரமா அது கத்திக்கினே இருக்குது, காதுல விழல? முட்டை வெச்சிருக்குது தம்பி. வெயில்ல வெந்துடும். எயிந்து வாங்க இப்படி."

அவங்க எழுந்து போயிட்டாங்க. பாட்டி ஆட்டை வேற பக்கம் ஓட்டிக்கிட்டு போனாங்க.

பாட்டி சொன்னது அப்படியே அறிவியல். ஆட்காட்டி கூடு கட்டாது. வெறும் தரையில, கூழாங்கல்லுக்கு நடுவுல, பெரும்பாலும் நாலு முட்டை இடும். முட்டையும் கல்லு நிறத்துலயே இருக்கும், பக்கத்துல மிதிச்சாலும் தெரியாது. நம்ம ஊர் வெயில்ல அது முட்டை மேல உக்கார்றது சூடேத்த மட்டும் இல்லை, வெயில் படாம மறைக்கறதுக்கும்தான். வயித்து இறகைத் தண்ணியில நனைச்சுக்கிட்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும். அதைத் துரத்திட்டு நாம அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இது போதாதுன்னு, நாம எங்க உக்காந்திருக்கோம்னு மேல இருந்து ஒரு காக்கா பாத்துக்கிட்டே இருக்கும். நாம எழுந்து போன அப்புறம் அது வரும்.

அந்த "செம போஸ்" இருக்கே, ரெக்கையை விரிச்சது, அது போஸ் இல்லை. பயம். பறவையைப் பத்தித் தெரிஞ்ச நடுவர் அதைப் பார்த்தவுடனே கண்டுபிடிச்சிடுவார். தெரியாத நடுவர் முதல் பரிசு குடுத்துடுவார். அடுத்த வருஷம் இன்னும் பத்து பேர் அதே மாதிரி படம் எடுக்கக் கிளம்புவாங்க. பரிசுங்கறது ஒருத்தருக்குக் குடுக்கிற கோப்பை மட்டும் இல்லைங்க. மத்தவங்களுக்கு வழி காட்டற பலகையும் அதுதான்.

சட்டம் இதை எப்படிப் பார்க்குதுன்னு தெரிஞ்சா கொஞ்சம் அதிர்ச்சியா இருக்கும். 1972-ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 2-வது பிரிவு, 16-வது உட்பிரிவு. "வேட்டை"ங்கிற சொல்லுக்கு அங்கே விளக்கம் குடுத்திருக்காங்க. கொல்றது, பிடிக்கறது, விஷம் வைக்கறது எல்லாம் இருக்கு. அதே உட்பிரிவுல, பறவைகளோட முட்டையையோ கூட்டையோ தொந்தரவு பண்றதும் வேட்டைன்னு இருக்கு. தோள்ல துப்பாக்கி வேணும்னு இல்லை. டிரைபாடோட போனாலும் அதே சொல்தான்.

"பழைய ஜாம்பவான்கள் எல்லாம் கூட்டைத்தானே எடுத்தாங்க?"ன்னு கேப்பீங்க. எடுத்தாங்க, உண்மைதான். பறவைப் புகைப்படக் கலையே கூட்டுலதான் ஆரம்பிச்சுது. 1892-ல இங்கிலாந்துல கியர்ட்டன் சகோதரர்கள் முட்டையோட இருந்த ஒரு கூட்டை எடுத்தாங்க. அப்புறம் பறவைக்குத் தெரியாம கிட்ட போகணும்னு, பாடம் பண்ணின மாட்டுக்குள்ள கேமராவோட ஒளிஞ்சுக்கிட்டெல்லாம் எடுத்திருக்காங்க :-) நம்ம நாட்டுலயும் போன நூற்றாண்டோட பெரிய ஆளுங்க பல பேர் கூட்டுக்குப் பக்கத்துல மறைவு கட்டி, நாள் கணக்குல உள்ளே உக்காந்து எடுத்தவங்கதான். ஏன்? ஃபிலிமோட வேகம் ரொம்பக் கம்மி, லென்ஸோட நீளமும் கம்மி. பறவை திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வர்றது கூட்டுக்கு மட்டும்தான். வேற வழி இல்லை. இன்னிக்கு கேமரா ஐ.எஸ்.ஓ. 6400-ல நொடிக்கு இருபது படம் எடுக்குது, பறவையோட கண்ணைத் தானே தேடிப் பிடிக்குது. அவங்களுக்கு இருந்த காரணம் நமக்கு இல்லை. அதனாலதான் இன்னிக்குப் பல போட்டிகள் கூட்டுப் படத்தை வாங்கறதே இல்லை.

கூட்டை நம்பாம வேற வழியில போன ஒருத்தர் நம்ம ஊர்லயே இருந்தார். மா. கிருஷ்ணன் (1912-1996). எழுத்தாளர் அ. மாதவையாவோட மகன். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில 1950-லேர்ந்து சாகற வரைக்கும் இயற்கை பத்தி எழுதினவர். பல கேமராவோட பாகங்களை ஒண்ணாச் சேர்த்துத் தானே ஒரு கேமரா ஒப்பேத்தி, அதுக்கு "சூப்பர் பாண்டரோசா"ன்னு பேரும் வெச்சிருந்தார். கருப்பு வெள்ளைதான். யானையை எடுத்தா யானையோட காடும் படத்துல இருக்கும். இன்னிக்கு நம்ம மொபைல்ல இருக்கிற வசதியில பாதி கூட அவர்கிட்ட இல்லை.

"அப்போ வேடந்தாங்கல்ல என்ன பண்றது, அங்க எல்லாமே கூடுதானே?"ன்னு ஒரு கேள்வி வரும். நல்ல கேள்வி. அங்க கரை இருக்கு, நடுவுல தண்ணி இருக்கு, அதுக்கு அந்தாண்ட மரம் இருக்கு. நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஊர்க்காரங்க காவல் காத்த இடம். கரையில ஜனங்க நடக்கறது அந்தப் பறவைகளுக்குப் பழக்கம். அந்த எல்லையிலேயே நின்னு எடுத்தா யாருக்கும் தொந்தரவு இல்லை. பிரச்னை கூடு ஃபிரேம்ல வர்றதுல இல்லை. நாம போனதால பறவை எழுந்து போச்சாங்கறதுலதான். ஆனா ஐநூறு படத்தை மேசையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற நடுவர், எது கரையிலேர்ந்து எடுத்தது, எது கிளையை வெட்டி விலக்கி எடுத்ததுன்னு ஒவ்வொண்ணா விசாரிக்க முடியாது. அதனால உள்ளூர்ப் போட்டிக்குக் கூடே வேண்டாம்னு வெச்சுடறது சுலபம். நஷ்டம் ஒண்ணும் இல்லை.

கல்லும், ஸ்பீக்கரும், ட்ரோனும்

கூடு மட்டும் இல்லை. கூட்டமா பறக்கிற படம் வேணும்னு ஏரிக்குள்ள கல்லு விட்டெறியறாங்க. அதிலேயும் வசதியானவங்க ட்ரோன் விடறாங்க. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, மாசி பங்குனியில திரும்பக் கிளம்பறதுக்காகக் கொழுப்பு சேர்த்துக்கிட்டு இருக்கிற பறவைங்க அதுங்க. நாம ஒரு தடவை கிளப்பி விட்டா சேர்த்ததுல கொஞ்சம் போச்சு. ஞாயித்துக்கிழமை காலையில பத்து பேர் பத்து தடவை கிளப்பி விட்டா?

இன்னொரு கூட்டம் மொபைல்ல பறவைக் குரலைப் போட்டு வரவழைக்குது. தோட்டக்கள்ளன் குளிர் காலத் தொடக்கத்துல வடக்கேருந்து ராத்திரியில பறந்து வந்து, களைச்சுப்போய் யார் வீட்டுத் தோட்டத்துலயாவது இறங்கும். அதுகிட்ட அதோட குரலையே ஸ்பீக்கர்ல போட்டா, வேற எவனோ இடத்தைப் பிடிக்க வந்துட்டான்னு அலையும். பாவம், அதுக்கு அன்னிக்கு வேண்டியது புழுவும் தூக்கமும்தான்.

இதே தமிழ்நாட்டுல, சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடின்னு ஒரு சரணாலயம் இருக்கு. பக்கத்துல கொள்ளுக்குடிப்பட்டி. பறவைங்க மிரளக் கூடாதுன்னு அந்த ஊர்க்காரங்க பல வருஷமா தீபாவளிக்கு வெடி வெடிக்கறதில்லை. குழந்தை குட்டி இருக்கிற ஊர்தான் அதுவும். அவங்க யாரும் தன்னை இயற்கை ஆர்வலர்னு முகநூல்ல போட்டுக்கறதில்லை. போட்டுக்கிட்ட நாம கல்லு விட்டெறியறோம்.

பொய் எவ்வளவு தூரம் போகும்?

உள்ளூர்ப் போட்டியில மட்டும்தான் இப்படின்னு நினைக்க வேண்டாம். லண்டன் போட்டியிலயே நடந்திருக்கு. 2009-ல முதல் பரிசு வாங்கினது, ராத்திரியில ஒரு ஓநாய் மரக் கேட்டைத் தாண்டிக் குதிக்கிற ஸ்பெயின் நாட்டுப் படம். 10,000 பவுண்டு பரிசு. அப்புறம் சந்தேகம் வந்து விசாரிச்சு, அது பெரும்பாலும் பழக்கின ஓநாயாத்தான் இருக்கணும்னு முடிவு பண்ணி, 2010 ஜனவரியில பரிசைத் திரும்ப வாங்கிட்டாங்க. 2017-ல ஒரு பிரிவுல ஜெயிச்சது, பிரேசில்ல கரையான் புத்துகிட்ட எறும்புத்தின்னி நிக்கிற படம். அதைப் பார்த்துட்டு, அந்தப் பூங்காவோட வாசல்ல பாடம் பண்ணி வெச்சிருக்கிற எறும்புத்தின்னி மாதிரியே இருக்கேன்னு தகவல் வந்துது. நிபுணர்கள் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒரே மிருகம்தான்னு சொன்னாங்க. 2018 ஏப்ரல்ல அந்தப் பரிசும் ரத்து. ரெண்டு பேருமே தாங்க தப்பு பண்ணலைன்னுதான் சொன்னாங்க.

அங்க விசாரிக்க ஆள் இருக்கு, நிபுணர்கள் இருக்காங்க, விதி எழுத்துல இருக்கு. நம்ம ஊர்ப் போட்டிகள்ல என்ன இருக்கு? "நடுவர் தீர்ப்பே இறுதியானது" இருக்கு. நடுவரா பெரும்பாலும் கல்யாண போட்டோ எடுக்கறவரையோ, பரிசை ஸ்பான்சர் பண்றவரையோ உக்கார வைக்கறாங்க. அவங்க மேல தப்பு சொல்லலை. அவங்களுக்குத் தெரிஞ்சது வெளிச்சமும் கட்டமைப்பும். ஆட்காட்டி ஏன் ரெக்கையை விரிக்குதுன்னு அவங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?

போட்டி நடத்துறவங்களுக்கு

பெரிசா ஒண்ணும் செலவில்லாத விஷயங்கள்தான் கேக்கறேன்.

1. கூடு, முட்டை, கண் திறக்காத குஞ்சு இருக்கிற படம் வேண்டாம்னு அறிவிப்புலயே போட்டுடுங்க.

2. ஒவ்வொரு படத்தோடயும் நாலு வரி கேளுங்க. எத்தனை அடி தள்ளி நின்னு எடுத்தீங்க, எவ்வளவு நேரம் இருந்தீங்க, குரல் போட்டீங்களா, தீனி வெச்சீங்களா. பொய் எழுதறவன் எழுதத்தான் செய்வான். ஆனா கேள்வி இருந்தாலே பாதிப் பேர் யோசிப்பாங்க.

3. கடைசிச் சுத்துக்கு வந்த படங்களுக்கு மட்டும் ரா ஃபைல் வாங்கிப் பாருங்க. மொபைல் படம்னா எடிட் பண்ணாத அசல்.

4. நடுவர்கள்ல ஒருத்தராவது பறவை பார்க்கிற ஆளா இருக்கட்டும். கல்லூரி விலங்கியல் வாத்தியார், ஓய்வு பெற்ற வனத்துறைக்காரர், யாரா இருந்தாலும் சரி.

5. "ஊரோடு வாழும் உயிர்கள்"னு ஒரு தனிப் பிரிவு வையுங்க. கம்பி இருக்கலாம், டிராக்டர் இருக்கலாம், மனுஷன் இருக்கலாம். எதையும் அழிச்சிருக்கக் கூடாது. விழுப்புரம் மாவட்டத்துல நடக்கிற போட்டிக்கு இதுதான் முதல் பிரிவா இருக்கணும்.

6. இனப்பெருக்கம் பண்ற இடம், ஆந்தை தங்கற மரம், இதுக்கெல்லாம் சரியான இடத்தைப் போட்டு விளம்பரம் பண்ணாதீங்க. மாவட்டப் பேர் போதும்.

படம் அனுப்பறவங்களுக்கு

கழுவெளி இப்போதான் பேர் வாங்க ஆரம்பிச்சிருக்கு. ராம்சார்னு பேப்பர்ல வந்த பிறகு சனி ஞாயிறு வண்டிங்க அதிகம் தெரியுது. நல்லதுதான். ஜனங்களுக்குத் தெரியாத ஏரியை ஆக்கிரமிக்கறது சுலபம், தெரிஞ்ச ஏரியை ஆக்கிரமிக்கறது கஷ்டம். ஒரு நல்ல படம் அந்த ஏரிக்காக அதிகாரிகள்கிட்டயும் ஊர்க்காரங்ககிட்டயும் பேசும். அதுக்காகவே போட்டிகள் வேணும்னு சொல்ற ஆள் நான். போட்டியே வேண்டாம்னு சொல்ற கட்சி இல்லை.

ஆனா அந்தப் படத்துல ஏரி இருக்கணும். பூநாரையோட கண்ணும் அலகும் மட்டும் ஃபிரேம் நிறைய இருந்தா அது கழுவெளியா, குஜராத்தான்னு யாருக்குத் தெரியும்? பின்னாடி உப்பு மேடும், வலை போடற மீனவரும், தூரத்துப் பனைமரமும் இருந்தா, "அட, இது நம்ம மரக்காணம்டா"ன்னு ஒரு பள்ளிக்கூடப் பையன் சொல்வான். நாளைக்கு அந்த ஏரியில குப்பை கொட்ட வந்தா தகராறு பண்ணப் போறது அந்தப் பையன்தான். நடுவர் இல்லை.

போட்டிக்குப் போகும்போது கேமராவோட ஒரு பைனாகுலரும் எடுத்துக்கிட்டுப் போங்க. முதல் அரை மணி நேரம் கேமராவைத் தொடாம, பறவை எங்க உக்காருது, எங்க மேயுது, எந்தப் பக்கம் பார்த்து மிரளுதுன்னு பாருங்க. அது தலையைத் தூக்கி நம்மளையே பார்த்தா நின்னுடுங்க. கத்த ஆரம்பிச்சா ரெண்டு அடி இல்லை, இருபது அடி பின்னாடி வாங்க. சரணாலயத்துக்குள்ள போறதுன்னா வனத்துறைகிட்ட முன்கூட்டியே கேட்டுக்கிட்டுப் போங்க. ஏரிக்கரையில ஆடு மேய்க்கறவங்க, மீன் பிடிக்கறவங்க யாராவது இருந்தா முதல்ல அவங்களுக்கு வணக்கம் சொல்லுங்க. எந்தப் புதர்ல எது முட்டை வெச்சிருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும். எங்க கால் வைக்கக் கூடாதுன்னு அவங்களே சொல்லிடுவாங்க.

ஐப்பசி மழை பிடிச்சுதுன்னா கார்த்திகைக்கெல்லாம் ஏரிங்க நிரம்பிடும். மார்கழி, தை ரெண்டு மாசம் நம்ம பக்கம் வெளிச்சமும் அருமையா இருக்கும், பறவையும் நிறைய இருக்கும். அப்போ உங்க ஊர் ஏரிக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. கம்பியோட, சூளையோட, டிராக்டரோட ஒரு படம் எடுங்க. எடுத்த அன்னிக்கே, எந்த ஏரி, என்ன பறவை, எவ்வளவு நேரம் காத்திருந்தீங்கன்னு அந்த நாலு வரியையும் எழுதி வெச்சிடுங்க. போட்டிக்கு அனுப்பறதா வேணாமாங்கறதை அப்புறம் யோசிக்கலாம்.